வி.டி. ஸ்டேஷன்: பாஸ் முடிந்த பிறகு ஒருநாள்

பம்பாய் வி.டி. ரயில்வே ஸ்டேஷனுக்கு மார்க்கை முதலிலேயே போட்டுவிடுகிறேன். கட்டடத்துக்கு அஞ்சுக்கு அஞ்சு. வண்டி பிடிக்க நாலு. உட்கார்ந்து இளைப்பாற ஒன்றரை. கடைசி மார்க்குக்காக யாரும் சண்டைக்கு வரவேண்டாம். அது ஓடுகிறவர்களுக்கான இடம். இருபத்தெட்டு வருஷம் காலையில் அதிலிருந்து வெளியே ஓடி, சாயங்காலம் அதற்குள்ளே ஓடியவள் சொல்கிறேன்.

எனக்கு ஊர் பாளையங்கோட்டைப் பக்கம். 1992 தை மாசம் வாக்கப்பட்டு வந்தது பம்பாய் கோலிவாடா. ஸ்டேஷன் போர்டில் குரு தேக் பகதூர் நகர் என்று இருக்கும், வாய்க்கு ஜி.டி.பி. நகர். அங்கிருந்து ஹார்பர் லைன் லோக்கலில் வி.டி. இறங்கி ஜி.பி.ஓ. என்கிற பெரிய தபாலாபீசை ஒட்டி நடந்தால் பல்லார்ட் எஸ்டேட். அங்கே ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் கணக்கு எழுதினேன். வேலையை விட்டு எட்டு மாசம் ஆகிறது. பாஸ் முடிந்தது, புதுப்பிக்கவில்லை.

போன மாசம் அண்ணன் மகள் ஊரிலிருந்து வந்திருந்தாள். "அத்தை, அந்தப் பெரிய ஸ்டேஷனைப் பாக்கணும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வி.டி.க்குப் போவோம், வருவோம். அதைப் போய்ப் பார்ப்பார்களா? சரி வா என்று ஒரு புதன்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். மிஷினில் டிக்கெட் எடுக்கும்போது கை தடுமாறியது. இத்தனை வருஷம் பாஸைக் கைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தவளுக்கு, ரெண்டாம் கிளாஸ் டிக்கெட் தலைக்குப் பத்து ரூபாய் என்பதே புதுச் செய்தி.

பெயர்க் குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். 1887-ல், விக்டோரியா பட்டத்துக்கு வந்து ஐம்பது வருஷம் ஆனபோது, அவர் பெயரை வைத்து விக்டோரியா டெர்மினஸ் என்றார்கள். 1996-ல் சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் ஆனது. நான் வேலைக்குச் சேர்ந்ததும் அதே வருஷம்தான். 2017-ல் 'மகாராஜ்' சேர்ந்தது. டிக்கெட்டில் சி.எஸ்.எம்.டி. என்று பார்த்து வாங்குங்கள், டாக்சிக்காரரிடம் வி.டி. என்று சொல்லுங்கள். வயசான மராத்திக்காரர்கள் சிலருக்கு இன்னும் அது போரிபந்தர்தான். போரி என்றால் சாக்குமூட்டை, பந்தர் என்றால் துறை. மூட்டை இறக்கி ஏற்றிய காலத்துப் பெயர். 1853 ஏப்ரல் 16 அன்று நம் நாட்டின் முதல் பயணிகள் ரயில் தாணேக்குப் புறப்பட்டது அந்தப் போரிபந்தரிலிருந்து. 34 கிலோமீட்டர் தூரம், 14 பெட்டி, 400 விருந்தாளிகள். சாகிப், சிந்து, சுல்தான் என்று மூன்று எஞ்சின் இழுத்தன. 21 குண்டு போட்டு அனுப்பிவைத்தார்கள். நாம் இப்போது பார்க்கும் கட்டடம் அதற்குப் பிறகு வந்தது. 1878-ல் ஆரம்பித்து முழுசாக முடிக்கப் பத்து வருஷம், செலவு 16 லட்சத்துச் சொச்சம். வரைந்து கொடுத்தவர் ஃபிரெடரிக் வில்லியம் ஸ்டீவன்ஸ். எதிரே நிற்கும் மாநகராட்சிக் கட்டடமும் அவர் கைவரிசைதான், அது 1893.

பத்தரை மணிக்கு மேல் லேடீஸ் டப்பாவில் இடம் கிடைக்கும். ரயில் பெட்டியை இங்கே டப்பா என்போம். எட்டரை மணிக்கு அதே டப்பாவில் மூச்சுவிட முன்பதிவு செய்ய வேண்டும். மருமகளுக்கு ஜன்னலோரம் விட்டேன். வடாலா, செவ்ரி, காட்டன் கிரீன், ரே ரோடு, டாக்யார்ட் ரோடு. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். செவ்ரி வந்ததும், குளிர்காலமாக இருந்தால் சதுப்பில் பூநாரை வந்து நிற்கும் என்று சொன்னேன். "நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள். பேச்சை மாற்றினேன். சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு வந்ததும் காட்டினேன்: நம் வண்டி மேல்மாடியில் நிற்கிறது, கீழே செண்ட்ரல் லைன் வண்டி போகிறது. இந்தப் பாதை லேசுப்பட்டது இல்லை. நாட்டின் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3 அன்று வி.டி.யிலிருந்து குர்லாவுக்கு இதே ஹார்பர் லைனில்தான் ஓடியது. நூறு வருஷம் ஆகிவிட்டது. செண்ட்ரல் ஃபாஸ்ட் வண்டிக்காரர்கள் எங்களை என்னவோ ஏழை உறவினர் மாதிரிப் பார்ப்பார்கள். அடுத்த தடவை யாராவது அப்படிப் பார்த்தால் இதைச் சொல்லுங்கள்.

டெர்மினஸ் என்ற வார்த்தைக்கு அர்த்தம் இங்கே வந்து நின்றால்தான் புரியும். எழும்பூரில் வண்டி நின்றாலும் தண்டவாளம் பீச் பக்கம் போய்க்கொண்டே இருக்கும். இங்கே தண்டவாளம் முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் இரும்பு இல்லை, மனுஷக் கால்கள்தான். அதனால் ஒரு பெரிய சௌகரியம் உண்டு, யாரும் எழுதாதது: படி ஏற வேண்டாம். மொத்தம் 18 பிளாட்பாரம். ஒன்றிலிருந்து ஏழு வரை லோக்கல், அதில் ஒன்றும் ரெண்டும் எங்கள் ஹார்பர். எட்டிலிருந்து வெளியூர் வண்டிகள். லோக்கலில் வந்து ஊர் வண்டிக்கு மாறும் ஆச்சி தாத்தாக்கள் பெட்டியை உருட்டிக்கொண்டு சமதரையிலேயே அந்தப் பக்கம் போய்விடலாம். மூட்டுவலிக்காரர்கள் இந்த ஒரு விஷயத்துக்காகவே வி.டி.க்கு ஒரு கும்பிடு போடலாம். நாலு மார்க் கொடுத்ததில் ரெண்டு இதற்குத்தான்.

மிச்ச ரெண்டில் ஒன்று, அந்த வண்டிகள் மூணு நிமிஷம், நாலு நிமிஷத்தில் காலியாகி, நிரம்பி, திரும்பிப் போகும் வேகத்துக்கு. வண்டி முட்டுக்கட்டையை நோக்கி ஊர்ந்து வரும்போதே ஏறிவிடுவோம், நிற்கும்போது சீட்டெல்லாம் முடிந்திருக்கும். பாஸ் வைத்திருக்கிறவர்களுக்கு இது ஒரு கலை. வெளியூர்க்காரர்கள் முயற்சி செய்யவே கூடாது, உள்ளூர்க்காரர்களும் செய்யக்கூடாதுதான். நாள் கணக்கில் ஒரே டப்பாவில் ஒரே முகங்களோடு போனதில் எனக்குக் கிடைத்தது நல்ல மராத்தியும், தசராவுக்கு டப்பாவுக்கே தோரணம் கட்டி ஆரத்தி எடுக்கும் பழக்கமும், பெரிய முள்ளங்கியை மடியில் வைத்து நறுக்கும் தைரியமும்.

இனி கட்டடம். முதல் தடவை வருகிறவர்கள் செய்யும் தப்பு ஒன்று இருக்கிறது. தோட்டமும் வாசல் கேட்டும் உள்ள முகப்பைப் பார்த்து அதுதான் ஸ்டேஷன் வாசல் என்று நேரே போய்விடுகிறார்கள். அது மத்திய ரயில்வேயின் தலைமை அலுவலகம். மேலிருந்து பார்த்தால் கட்டடம் நம் 'ப' எழுத்து மாதிரி, நடுவிலே தோட்டம். வண்டி பிடிப்பவர்களுக்கு வழி பக்கவாட்டில். முகப்பைப் பார்க்க ஆசை இருந்தால் தெருவைத் தாண்டி மாநகராட்சிக் கட்டடத்து மூலைக்குப் போங்கள், பெரோஸ்ஷா மேத்தா சிலை இருக்கும் இடம். முழுக் கட்டடமும் ஒரே பார்வையில் அங்கேதான் விழும். ஸ்டேஷனை ஒட்டிய நடைபாதையில் நின்றால் கழுத்துதான் வலிக்கும், பின்னால் வருகிறவர் தோளில் இடித்துக்கொண்டே போவார்.

அந்த மூலையில் நின்று மருமகளுக்கு ஒவ்வொன்றாகக் காட்டினேன். கேட் தூண் ரெண்டின் மேலே ஒரு பக்கம் சிங்கம், ஒரு பக்கம் புலி. சிங்கம் வெள்ளைக்காரர், புலி நாம். கடிகாரத்துக்குக் கீழே ஒரு மாடம் காலியாக இருக்கிறது பாருங்கள், விக்டோரியா சிலை நின்ற இடம் அது. சிலையை எடுத்துவிட்டார்கள், மாடத்தை எடுக்கவில்லை. சுவரில் வட்ட வட்டமாகத் தலைகள், அந்தக் காலத்து ரயில் கம்பெனிப் பெரியவர்கள். அந்த வெள்ளைக்கார முகங்களுக்கு நடுவே ஜகந்நாத் சங்கர்சேட்டும் ஜாம்செட்ஜி ஜீஜீபாயும் இருக்கிறார்கள். இந்த ஊரில் ரயில் வர முன்னின்றவர்கள். கும்மட்டத்தின் உச்சியில் ஒரு பெண் நிற்கிறாள். வலக்கையில் தூக்கிப் பிடித்த தீப்பந்தம், இடக்கையில் ஆரக்கால் சக்கரம். நான் ரொம்ப வருஷம் அது விக்டோரியா மகாராணி என்றே நினைத்திருந்தேன். ஆபீசில் ஒருத்தர் சிரித்துவிட்டு, அது 'முன்னேற்றம்' என்றார். தீப்பந்தமும் சக்கரமும் தூக்கிக்கொண்டு வெயிலிலும் மழையிலும் நிற்கிறவளுக்கு அந்தப் பெயர் பொருத்தமாகத்தான் பட்டது. எங்கள் டப்பாவில் பாதிப் பேர் அப்படித்தான் நிற்போம்.

இந்தக் கட்டடத்தை நான் நின்று பார்த்தது முன்பு ஒரே ஒரு தடவை. அதுவும் என் முட்டாள்தனத்தால். 1998-ல் கோயம்புத்தூரில் மில்லில் வேலை பார்த்த தம்பி வருவதாக இன்லாண்ட் லெட்டர் போட்டிருந்தான். 'டெர்மினஸில் இறங்குவேன், வந்துவிடு' என்று எழுதியிருந்தான். எனக்குத் தெரிந்த டெர்மினஸ் ஒன்றுதான். ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டு வி.டி.யில் காத்து நின்றேன். செல்போன் கிடையாது. ஒரு மணி நேரம் பிளாட்பாரத்தில் நின்றேன். அப்புறம் கால் வலித்து, லோக்கல் டிக்கெட் ஹாலுக்குள் வந்து ஒரு தூணில் சாய்ந்தேன். சாய்ந்தவள் தற்செயலாக மேலே பார்த்தேன்.

மேலே நட்சத்திரம். நீலக் கூரையில் தங்க நட்சத்திரம் நட்சத்திரமாக வரைந்திருக்கிறார்கள். அதனால்தான் அந்த ஹாலுக்கு ஸ்டார் சேம்பர் என்று பெயர். நான் ரெண்டு வருஷமாக மாசா மாசம் அதே ஹாலில் வரிசையில் நின்று பாஸ் எடுத்திருக்கிறேன், முன்னால் நிற்கிறவர் முதுகைத் தவிர எதையும் பார்த்ததில்லை. நான் சாய்ந்திருந்தது வழவழப்பான பளிங்கு. இத்தாலியிலிருந்து வந்ததாம். தூணின் தலையைச் சுற்றி இலைக்கொத்து. ஒரு இலை மாதிரி இன்னொரு இலை இல்லை. ஒன்றின் நுனி மடிந்திருந்தது, நாள்பட்ட வாழையிலை மடியுமே அப்படி. கல்லில் அதைச் செய்தவன் இலையைக் கையில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். பம்பாய் ஓவியப் பள்ளி மாணவர்கள் செய்த வேலை இது என்று பிற்பாடு தெரிந்தது. அதே ஜே.ஜே. ஸ்கூல், இன்றும் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. படிக்கிற பிள்ளைகள் செதுக்கியது என்றதும் எனக்கு அந்த மடிந்த நுனி இன்னும் பிடித்துப்போனது. வாத்தியார் சொல்லி அது வந்திருக்காது.

அன்றைக்கு மூணு மணி நேரம் அங்கே இருந்தேன். வெளியே வந்து சுவரில் மயிலைப் பார்த்தேன், மழைத்தண்ணீர் விழ வாய் பிளந்து நிற்கும் மிருகத் தலைகளைப் பார்த்தேன். தம்பியை மட்டும் பார்க்கவில்லை. அழுகை முட்ட வீட்டுக்கு வந்தால், அவன் எங்கள் வாசல் படியில் உட்கார்ந்து பக்கத்து வீட்டு மதினி கொடுத்த உப்புமாவைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். "எக்கா, ஊரைச் சுத்திப் பாக்கப் போயிட்டியோ?" என்றான். அவன் வண்டி வந்தது குர்லா டெர்மினஸுக்கு. எங்கள் வீட்டுக்கு அதுதான் கிட்டே. அரை மணியில் வந்துவிட்டான்.

ஆகவே இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மூர்ப் பக்கமிருந்து வரும் வண்டிகள் எல்லாம் ஒரே இடத்துக்கு வருவதில்லை. நாகர்கோவில் எக்ஸ்பிரஸ், சென்னை மெயில் இங்கே வரும். வேறு சில, தம்பி இறங்கிய அந்தக் குர்லா டெர்மினஸுக்கு, இப்போது அது எல்.டி.டி., அதாவது லோக்மான்ய திலக் டெர்மினஸ். இன்னும் சில தாதரோடு நின்றுவிடும். வேலை நடக்கும் நாட்களில் மாற்றிவிடுவதும் உண்டு. கூப்பிடப் போகிறவர்கள் டிக்கெட்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், உறவு கெடாது.

டிக்கெட் ஹாலைத் தாண்டி உள்ளே பார்க்க வேண்டுமென்றால் பாரம்பரிய மியூசியம் இருக்கிறது. வார நாளில் பிற்பகலில் டிக்கெட் கொடுத்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். நேரமும் கட்டணமும் மாறுவதுண்டு, முன்னமே விசாரித்துவிட்டுப் போங்கள். உள்ளே காட்சிப் பொருட்களை நான் ஒரு சுற்று வேகமாகப் பார்த்துவிட்டேன், அதில் எனக்கு நாட்டமில்லை. பார்க்க வேண்டியது கும்மட்டத்துக்குக் கீழே உள்ள படிக்கட்டு. படிகளின் ஒரு முனை சுவருக்குள் செருகியிருக்கிறது. மறுமுனைக்குத் தூண் கிடையாது, அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதில் ஏறி நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தால் எட்டுப் பட்டைக் கும்மட்டம் தலைக்கு மேலே. கட்டும்போது கீழிருந்து முட்டுக் கொடுக்காமலே எழுப்பினார்களாம், அந்தக் காலத்தில் அது பெரிய சாமர்த்தியம். நிறக் கண்ணாடி வழியாக வெளிச்சம் வந்து படியில் விழுந்துகொண்டிருந்தது. மருமகள் அந்த வெளிச்சத்தில் காலை வைத்து, காலை எடுத்து, காலை வைத்து விளையாடினாள். கூட வந்தவர்கள் கூரையைப் போட்டோ எடுத்தார்கள். 2004-ல் யுனெஸ்கோ இதை உலக பாரம்பரியச் சின்னமாகச் சேர்த்ததற்கு என்னென்ன காரணம் எழுதினார்களோ, எனக்கு இந்தப் படிக்கட்டு ஒன்றே போதும்.

இத்தனை வருஷம் இந்தப் படிக்கட்டுக்கு இருநூறு அடி தள்ளி ஓடிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தபோது கொஞ்சம் எரிச்சல் வந்தது. யார் மேலே என்று தெரியவில்லை.

உட்கார ஒன்றரை மார்க் என்றேனே, அதில் ஒரு மார்க் 2005 ஜூலை 26-க்கு. அன்று செவ்வாய்க்கிழமை. வி.டி. இருக்கும் கோட்டைப் பக்கம் மழை பெரிசாகத் தெரியவில்லை. பக்கத்துக் கொலாபாவில் பதிவானது 73 மில்லிமீட்டர்தான், அதே நாளில் வடக்கே சாந்தாகுரூஸில் 944. எங்களுக்கு என்ன தெரியும்? ஆபீஸ் முடிந்து வழக்கம் போல ஓடிவந்து ஒன்றாம் பிளாட்பாரத்தில் நின்ற வண்டியில் சீட் பிடித்தேன். என்ன பாக்கியம், ஜன்னலோரம் என்று நினைத்தேன். அந்த வண்டி ராத்திரி முழுக்க நகரவில்லை. தண்டவாளமெல்லாம் தண்ணீர். போன் லைன் கிடைக்கவில்லை. டப்பாவில் முப்பது பெண்கள் இருந்திருப்போம். முதல் ரெண்டு மணி நேரம் புலம்பல். பிறகு ஒருத்தி டிபன் டப்பாவைத் திறந்தாள், மத்தியானம் மிச்சம் வைத்த ரெண்டு சப்பாத்தி. அதைப் பார்த்து எல்லோரும் கைப்பையைத் துழாவினோம். பிஸ்கட், வறுத்த கடலை, ஒரு கொய்யாப்பழம், என்னிடம் ஊரிலிருந்து வந்த சீடை. அதைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு ஒரு மராத்திக்காரப் பாட்டி, பல் போனால் நீதான் கட்டித் தரவேண்டும் என்றாள். சீட்டில் ரெண்டு பேர் மாற்றி மாற்றிப் படுத்தோம். மறுநாள் மத்தியானம் பாதி பஸ், பாதி நடை என்று வீடு சேர்ந்தேன். அந்தப் பாட்டியை அதற்கப்புறம் பார்க்கவில்லை. சீடை டப்பாவை மட்டும் வாங்கிக்கொண்டு போயிருந்தாள்.

2008 நவம்பர் 26 அன்று நான் ஆறரைக்கு வண்டி ஏறிவிட்டேன். வெளியூர் வண்டிக்குக் காத்திருக்கும் ஹாலில் பயங்கரவாதிகள் புகுந்து சுட்டது அதற்கு மூணு மணி நேரம் கழித்து. ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். பலர் எங்கள் மாதிரி, ஊருக்குப் போக மூட்டை முடிச்சோடு தரையில் உட்கார்ந்திருந்தவர்கள். நினைவுப் பலகை வைத்திருக்கிறார்கள். மருமகளிடம் காட்டினேன், ரெண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. ஊர் வண்டி ஏறப் போகும்போதெல்லாம் அந்த ஹாலில் என் கண் தானாகச் சுவரோரமாக ஒரு இடத்தைத் தேடும்.

சாப்பாட்டுக்கு வருவோம். ஸ்டேஷனுக்கு எதிரே கேபிடல் சினிமா கட்டடத்தில் ஆராம் இருக்கிறது, வடாபாவுக்குப் பெயர் போன கடை. தெருவைத் தாண்ட சப்வே வழியாகப் போங்கள். சப்வேக்குள் கைக்கடிகாரம், பெல்ட், ஹெட்போன் எல்லாம் கூவி விற்பார்கள். வாங்குவதானால் சொன்ன விலையில் பாதிக்குக் கீழே ஆரம்பிக்கவும். வடாபாவில் காய்ந்த பூண்டுச் சட்னியைக் கொஞ்சம் கூடக் கேட்டு வாங்குங்கள். மருமகள் மூணு சாப்பிட்டாள். "போண்டாவ பன்னுல வச்சுத் தாறாங்க, இதுக்கா இவ்வளவு பேச்சு?" என்று கேட்டுக்கொண்டே மூணாவதைச் சாப்பிட்டாள்.

பதினொன்றரைக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே அங்கே இருந்தால் டப்பாவாலாக்களைப் பார்க்கலாம். வெள்ளைத் தொப்பி, தலையில் நீளப் பலகைச் சட்டம், அதில் நாற்பது சாப்பாட்டு டப்பா இருக்கும். அவர்கள் வரும் வழியில் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள். நிற்க மாட்டார்கள், நிற்கவும் கூடாது. யாரோ ஒருத்தர் பசியோடு காத்திருக்கிறார்.

சாயங்காலம் விளக்குப் போட்டபின் பார்க்கச் சொல்லித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பச்சை, ஊதா, ரோஸ் என்று கலர் மாற்றி அடிக்கும்போது கல்லின் நிறம் போய்விடுகிறது. இந்தக் கட்டடத்தின் அழகே மலாட் கல்லின் அந்த மங்கல் மஞ்சள்தான், பழைய பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்க்கும் முன்னால் இருக்குமே அந்த நிறம். சாயங்கால வெயில் அடங்கும் முன் ஒரு அரை மணி நேரம் முகப்பின் மேலே விழும். அப்போது பாருங்கள். மழை நின்ற மறு நிமிஷமும் நன்றாக இருக்கும், சுவரெல்லாம் கழுவிவிட்ட மாதிரி. விளக்கு அலங்காரம் கல்யாண மண்டபத்துக்குச் சரி.

இன்னும் சில்லறை விஷயங்கள். ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் இருக்கும், அதாவது தண்டவாள வேலைக்காக வண்டியை நிறுத்திவைப்பார்கள், ஹார்பரில் வண்டியே இல்லாமல் போகலாம், கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். காலை எட்டரை முதல் பத்தரை, சாயங்காலம் அஞ்சரை முதல் எட்டரை வரை சுற்றிப்பார்க்கும் எண்ணத்தோடு உள்ளே போகவே போகாதீர்கள். நீங்களும் பார்க்க முடியாது, மற்றவர்களும் வீடு போய்ச் சேர முடியாது. வெளியூர் வண்டியில் வந்து இறங்குகிறவர்களுக்கு 18-ஆம் பிளாட்பாரம் பக்கம், பி. டிமெல்லோ ரோட்டில் வெளியே வருவது லேசு. கூலியிடம் பேரத்தை மூட்டை தலையில் ஏறும் முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் திரும்பும்போது நாலேமுக்கால். கூட்டம் இன்னும் கட்டவில்லை. இண்டிகேட்டரில் பன்வேல் ஸ்லோ, ரெண்டாம் பிளாட்பாரம். வண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது. நிதானமாகப் போவோம், இன்றைக்கு என்ன அவசரம், மிளகு ரசம் வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்று மனசு சொல்லிக்கொண்டுதான் இருந்தது. கால் கேட்கவில்லை. லேடீஸ் டப்பா வந்து நிற்கும் இடம், தூணுக்கு ரெண்டு எட்டு முன்னால், அதற்குத் தெரியும். வண்டி ஊர்ந்து வரும்போதே கம்பியைப் பிடித்து ஏறி, ஜன்னலோரம் ஒன்று, அதற்குப் பக்கத்தில் கைக்குட்டை போட்டு ஒன்று பிடித்தாயிற்று. யாரோ ஒரு பெண் "ஆண்ட்டி, ஜம்லா!" என்று சிரித்தாள். சாதிச்சிட்டீங்க என்று அர்த்தம்.

திரும்பிப் பார்த்தால் மருமகளைக் காணோம். பிளாட்பாரத்தின் நடுவில் நின்று, தலையை அண்ணாந்து, இரும்புக் கூரையைப் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறாள். அவளைச் சுற்றிக்கொண்டு ஆட்கள் ரெண்டு பக்கமும் ஓடுகிறார்கள்.

"ஏளா, ஏறு!" என்று கத்தினேன்.

"ஒரு நிமிஷம் அத்தை."